மாப்பிள்ளையின் ரிவால்வரும் அப்பாவின் இழைப்புளியும்

பினாங்கில், ஆயர் ஈத்தாம் பக்கம்தான் என் வீடு. பின்கட்டுச் சன்னலைத் திறந்தால் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் தெரியும். பெயர்தான் அப்படி. வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பாய்கள் சுட்டுப் பழகிய இடமாம், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயரைச் சொல்லி ஆயிரம் தடவை பஸ் ஏறியிருக்கிறேன். துப்பாக்கியை மட்டும் கையால் தொட்டதில்லை. காவலர் இடுப்பில் பார்த்ததோடு சரி.

அப்படிப்பட்டவனிடம்தான் என் தங்கை கணவர் ஹூஸ்டனிலிருந்து கேட்டார்: "மச்சான், ஒரு பழைய ரிவால்வர் வாங்கியிருக்கேன். பிடி மரம் ரொம்ப மோசமா இருக்கு. நீங்கதானே மர வேலை எல்லாம் பண்ணுவீங்க?"

நான் தச்சன் இல்லை. அப்பா தச்சர், செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தவர். நான் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு லோரோங் கூலிட் காலைச் சந்தையில் துருப்பிடித்த ரம்பம், உளி, இழைப்புளி என்று பொறுக்கி வந்து பிடியைச் சரிசெய்து வைப்பது என் பொழுதுபோக்கு. விற்பதில்லை. வீட்டுக்காரி அதை வேறு பெயரில் சொல்வாள்.

"கழற்றி பார்சல்ல அனுப்பிடவா?" என்றார் மாப்பிள்ளை. வேண்டவே வேண்டாம் என்றேன். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதம் என்று சொல்லும்போது முழுத் துப்பாக்கியை மட்டும் சொல்லவில்லை, அதன் உறுப்புகளையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டு துண்டு மரம் உறுப்பா இல்லையா என்று அதிகாரிகள் முன்னால் நின்று வாதாட எனக்கு ஆசையில்லை. பொம்மைத் துப்பாக்கி வைத்து மாட்டிக்கொண்டவர்கள் கதையே நாம் கேட்டிருக்கிறோம். அதனால் அவர் பொருள் அவர் ஊரிலேயே, சட்டப்படி அவர் பெயரிலேயே இருக்கட்டும், நான் கண்ணால் பார்த்து வாயால் சொல்கிறேன் என்று முடிவானது. இங்கே இரவு 9 மணி, அங்கே காலை 8. ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின.

பொருள் என்னவென்றால் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த .38 ரிவால்வர், மிலிட்டரி அண்ட் போலீஸ் என்று 1899லிருந்து அவர்கள் விற்ற வகை. கடைக்காரர் அவரிடம் "அம்பதுகளில் வந்தது" என்றாராம். அதை எப்படி நம்புவது என்று நாங்கள் கொஞ்சம் படித்தோம். 1957இல்தான் அந்த நிறுவனம் மாடல் எண்கள் போட ஆரம்பித்தது. தோட்டா போடும் உருளையைத் திறந்தால், துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தில் அது மடங்கும் இடத்தில் மாடல் எண் அடித்திருப்பார்கள். இவருடையதில் எண் இல்லை. பிடி வால்நட் மரம், குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிய செக்கரிங். திருகு ஓட்டையைச் சுற்றி ஒரு சிறிய வைரக்கட்டம் கோடில்லாமல் விடப்பட்டிருந்தது. அந்த வைரக்கட்டத்தை 1968 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். ஆக கடைக்காரர் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

முதல் அழைப்பிலேயே உருளையைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கேமராவுக்குக் காட்டச் சொன்னேன். தோட்டா எல்லாம் வேறு அறையில். ஒவ்வொரு ஞாயிறும் இதே சடங்கு. மூன்றாவது வாரம் "மச்சான், போன வாரம்தானே காட்டினேன்" என்று அலுத்துக்கொண்டார். காட்டாவிட்டால் நான் போனை வைத்துவிடுவேன் என்றேன். காட்டினார்.

இங்கே என் பழைய பாவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்குச் சொன்ன யோசனை பாதியும் அதிலிருந்து வந்ததுதான்.

அப்பா விட்டுப் போன சாமான்களில் ஸ்டேன்லி இழைப்புளி ஒன்று. இங்கிலாந்தில் செய்தது. பின்பிடி பீச் மரம், கறுப்புச் சாயம் பூசி இருந்தது. நாற்பது வருடம் அவர் உள்ளங்கை பட்டுப் பட்டு, கட்டை விரல் வளையும் இடத்தில் சாயம் போய் மரம் தேய்ந்து பளபளவென்று இருக்கும். எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. 60ஆம் நம்பர் உப்புத்தாள் எடுத்து ஒரு மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். வெள்ளை வெளேரென்று வந்தது. அடிப்பாகம் கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தது, சரி அதையும் சமமாக்குவோம் என்று கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து அதையும் தேய்த்தேன்.

பூட்டினேன். ஆடியது. பித்தளை நட்டை இறுக்கினேன், இன்னும் ஆடியது. அந்தப் பிடியைப் பிடித்து வைத்திருப்பது ஒரு நீளமான இரும்புக் கம்பி. அடியில் இரும்புச் சட்டத்தில் ஒரு முனை, மேலே பித்தளை நட்டில் ஒரு முனை. நான் அடியைத் தேய்த்ததில் மரம் குட்டையாகிவிட்டது. கம்பி நீளம் அப்படியே. நட்டு கம்பியின் நுனியில் போய் முட்டி நின்றது, மரத்தை அமுக்கவே இல்லை. இறுகிவிட்டது என்று நினைத்துத் தேக்குப் பலகை இழைத்தேன். மூன்றாவது தள்ளில் அடிப்பக்கம் குறுக்கே படக்கென்று விரிந்தது.

பிறகுதான் விவரம் தெரிந்த ஒரு சீனக் கிழவர் சந்தையில் சிரித்துக்கொண்டே சொன்னார். கம்பியை ஒரு மில்லிமீட்டர் அராவியிருந்தால் போதும், இல்லையென்றால் நட்டுக்கு அடியில் சின்ன வாஷர் ஒன்று போட்டிருந்தாலும் போதும். வயதாகி மரம் சுருங்கினாலும் இதே தொல்லை வருமாம். அப்பாவின் கை அச்சும் போயிற்று, பிடியும் போயிற்று. அதை இன்றைக்கும் வீட்டுக்காரி அவ்வப்போது எடுத்துச் சொல்வாள்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எந்தப் பிடியைக் கையில் எடுத்தாலும் முதலில் எந்தெந்தப் பக்கம் இரும்போடு சேர்கிறது என்று பார்த்து, அங்கெல்லாம் நீல டேப் ஒட்டிவிடுவேன். டேப் ஒட்டிய இடத்தில் உப்புத்தாள் படாது.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அழைப்பதற்கு முன்னாலேயே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். திருகைக் கழற்றியும் பிடியில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் மரப் பலகை வரவில்லை என்று சமையலறைக் கத்தியைச் சந்தில் விட்டு நெம்பியிருக்கிறார். வலது பலகையின் மேல் ஓரம் நெல்மணி அளவுக்குச் சிதறி வந்துவிட்டது. நல்லவேளை, சிதறிய துண்டைப் பாட்டில் மூடியில் போட்டு வைத்திருந்தார். யாராவது இந்த வேலை தொடங்கினால் இதைத்தான் முதலில் சொல்வேன்: சிதறியதைத் தூக்கிப் போடாதீர்கள்.

பலகையை எடுக்க ஒரு முறை இருக்கிறது. திருகை முழுக்கக் கழற்றாமல் நாலைந்து சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். அப்புறம் திருப்புளியின் பிடியால் திருகின் தலையை மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கப் பலகை தானாக வெளியே தள்ளப்படும். அது வந்ததும், திருகை எடுத்துவிட்டு, திறந்த பக்கத்திலிருந்து விரலை விட்டு மற்றதைத் தள்ளலாம். கத்திக்கு இதில் வேலையே இல்லை. திருப்புளி முனையும் திருகின் வெட்டில் ஆடாமல் உட்காரும் அகலமும் கனமும் இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் கூம்பு முனைத் திருப்புளியைப் போட்டால் திருகின் தலை கிழியும், வழுக்கினால் செக்கரிங் மேல் ஒரு கோடு விழும். அந்தக் கோடு போகவே போகாது.

வலது பலகையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் வலது பலகையின் உள்பக்கம் துப்பாக்கியின் வரிசை எண்ணைப் பென்சிலிலோ முத்திரையாகவோ போட்டிருப்பார்கள். அழுக்குக்கு அடியில் எண் தெரிந்தது. பிடியின் அடியில் இரும்பில் இருந்த எண்ணோடு ஒத்தும் போனது. மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. சேகரிக்கிறவர்களுக்கு அந்த எண் பெரிய விஷயமாம். உள்பக்கத்தை ஒரு தடவை உப்புத்தாளால் தேய்த்திருந்தால் எழுபது வருட எண் பத்து நிமிடத்தில் போயிருக்கும்.

இடது பலகை வேறு கதை. நிறம் சற்று மாறி இருந்தது, செக்கரிங் கோடுகள் கொஞ்சம் பெரிதாக இருந்தன, மேலே இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு சந்து. யாரோ எப்போதோ வேறொரு துப்பாக்கியிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. விலையில் குறைக்கவும் இல்லை. மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அவரைத் திட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

முதலில் சுத்தம். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய் வருடக்கணக்காக மரத்துக்குள் ஊறி ஓரமெல்லாம் கறுத்திருந்தது. எண்ணெய் ஊறிய மரத்தில் பசையும் ஒட்டாது, மேல் பூச்சும் காயாது. சாக்கட்டித் தூளை அசிட்டோனில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, கறுத்த இடத்தில் உள்பக்கமாகப் பூசிக் காயவிட வேண்டும். அசிட்டோன் ஆவியாகும்போது எண்ணெயை இழுத்து வெளியே கொண்டுவரும், தூள் அதைக் குடித்துக்கொள்ளும். தட்டிவிட்டுப் பார்த்தால் தூள் மஞ்சளாக இருக்கும். மஞ்சள் குறைகிறவரை திரும்பத் திரும்பப் போட வேண்டியதுதான். இவருக்கு ஐந்து தடவை ஆயிற்று. எண் இருக்கும் இடத்தில் மட்டும் போட வேண்டாம் என்றேன், பென்சில் என்றால் தூளோடு போய்விடும். இன்னொன்று: அசிட்டோன் பழைய லேக்கரைக் கரைத்துவிடும், வெளிப்பக்கத்தில் வழிய விடக்கூடாது. அடுப்பு எரியும் அறையில் அந்த டப்பாவைத் திறக்கவும் கூடாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். தங்கை அன்றைக்கு அவரைக் கராஜுக்குத் துரத்திவிட்டாள்.

செக்கரிங்கில் இருந்த அழுக்குக்குக் கொஞ்சம் டர்பன்டைனும் பழைய பல்துலக்கியும். கோட்டின் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கூர்முனைகள் மழுங்கும். அவ்வளவுதான், இதில் வேறு வித்தை இல்லை.

அடிமூலையில் ஒரு பள்ளம். எங்கோ விழுந்த அடி. அதை உப்புத்தாளால் சமப்படுத்த நினைத்தார். அடி பட்ட இடத்தில் மரநார் நசுங்கித்தான் இருக்கிறது, அறுபடவில்லை. ஈரத்துணியை மடித்து அதன்மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் மூக்கால் இரண்டு மூன்று விநாடி தொட்டு எடுத்தால் நீராவி உள்ளே போய் நசுங்கிய நார் ஊதி எழும். நாலு தடவையில் பள்ளம் காணாமல் போயிற்று. "மேஜிக் மச்சான்!" என்றார். நார் அறுந்திருந்தால் இந்த மேஜிக் பலிக்காது. பூச்சு அப்படியே இருக்கும் இடத்தில் செய்தாலும் வெள்ளை படியும். இங்கே பூச்சு ஏற்கெனவே போயிருந்தது, அதனால் தப்பித்தோம். செக்கரிங் மேல் இஸ்திரியைக் கொண்டுபோகவே கூடாது.

சிதறிய துண்டை எண்ணெய் எடுத்த பிறகு சாதாரண மரப்பசையால் ஒட்டி, டேப் போட்டு இழுத்து ஒரு நாள் விட்டார். பொருத்திப் பார்த்தபோது கோடு தெரிந்தது, ஆனால் தேடினால்தான் தெரிந்தது.

எங்கள் நேரத்தை எல்லாம் தின்றது இடது பலகை. அது சரியாக உட்காரவில்லை. மாப்பிள்ளை மூன்றாவது ஞாயிறு ஒரு கண்ணாடித் துண்டும் உப்புத்தாளும் மேசையில் வைத்துக்கொண்டு, உள்பக்கத்தைச் சமமாகத் தேய்த்துவிட்டால் உள்ளே போய் உட்கார்ந்துவிடும் என்றார். எனக்கு அப்பாவின் இழைப்புளி கண் முன்னால் வந்தது. "கையை எடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டு நாயே எழுந்துவிட்டது.

முழுப் பரப்பையும் தேய்த்தால் பலகை மெலியும். மெலிந்தால் மேல் ஓரம் இரும்பின் மட்டத்துக்குக் கீழே போகும், திருகு அதிக நீளமாகிவிடும், அது இறுகும் நட்டின் முனையில் முட்டி நின்று மரத்தை இறுக்காது. என் பிடி உடைந்த அதே காரணம்தான். உட்காரவில்லை என்றால் முழுவதும் மேடாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏதோ ஓரிரு இடம் முட்டுகிறது. அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அப்பா கதவு பொருத்தும்போது மண்ணெண்ணெய் விளக்குக் கரியைத் தொட்டுச் சட்டத்தில் பூசுவார். கதவைச் சாத்தித் திறந்தால் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே முட்டுகிறது. ஹூஸ்டனில் மண்ணெண்ணெய் விளக்குக்கு எங்கே போவது? தங்கையின் உதட்டுச்சாயம் வந்தது. மலிவாக இருந்தால் இன்னும் நல்லது என்றேன், அதற்கு அவள் அங்கிருந்து ஏதோ சொன்னாள். பிடிச்சட்டத்தில் விரலால் மெல்லிசாகப் பூசி, பலகையை நேராக அமுக்கி, நேராகவே எடுக்க வேண்டும். வழுக்கி எடுத்தால் சாயம் எல்லா இடத்திலும் இழுபட்டுப் பொய் சொல்லும்.

சாயம் ஒட்டியது இரண்டு இடத்தில். ஒன்று, சட்டத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முள். பலகை நகராமல் பிடித்துக்கொள்வது அதுதான். பலகையில் அதற்கான குழியில் பழைய அழுக்கு கெட்டியாக அடைத்திருந்தது. பல்குத்தும் குச்சியால் எடுத்ததும் பாதிச் சந்து மூடிவிட்டது! மரத்தில் ஒரு துளிகூட எடுக்கவில்லை. இரண்டாவது, மேல் வளைவில் ஒரு மேடு. அங்கே மட்டும் கூரான சிற்றுளியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டச் சொன்னேன். சுரண்டினால் மாவு மாதிரி வர வேண்டும், சீவலாக வந்தால் அதிகம். பூசு, அமுக்கு, பார், சுரண்டு. பதினான்கு தடவை என்று மாப்பிள்ளை எண்ணி வைத்திருந்தார். கடைசியில் சாயம் ஓரிடத்தில் குவியாமல் சுற்றிலும் புள்ளி புள்ளியாக விழுந்தது. அங்கே நிறுத்திவிட்டோம். இரும்பில் இருந்த சாயத்தைத் துடைத்து, விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒற்றினார். விரல் வியர்வை அந்த நீலக்கறுப்பு இரும்பில் துருவாக எழும்பும்.

வெளிப்பக்க ஓரங்களில் மாப்பிள்ளைக்குக் கை அரித்தது. இடது பலகையின் ஓரம் இரும்பைவிட ஒரு மயிரிழை மேலே நின்றது, தேய்த்துச் சமமாக்கலாமே என்றார். மழைக்காலத்திலும் வெயில் காலத்திலும் மரம் ஒரே அளவில் இருக்காது. இன்றைக்குச் சமமாகத் தேய்த்தால் காய்ந்த மாதத்தில் உள்ளே போய்விடும். அப்படியே விட்டோம்.

பூச்சில் நான் சொன்ன ஒரு விஷயத்துக்காக மாப்பிள்ளை எனக்கு இன்னும் நன்றி சொல்கிறார், அதுவும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். மெர்பாவ் மரத்து முக்காலி ஒன்றை ஒரு தடவை ஸ்டீல் வூல், அதாவது பஞ்சு மாதிரி இருக்கும் இரும்பிழை போட்டு வழவழவென்று தேய்த்து எண்ணெய் பூசினேன். அக்டோபர் மழை ஆரம்பித்ததும் பரப்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, கொசு உட்கார்ந்த மாதிரி. மரத்தின் துவர்ப்பும் இரும்புத் துணுக்கும் ஈரமும் சேர்ந்தால் மை. நம் ஆட்கள் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே சங்கதிதான். வால்நட்டிலும் அந்தத் துவர்ப்பு இருக்கிறது. அதனால் மாப்பிள்ளைக்கு ஸ்டீல் வூல் கிடையாது, பச்சை நிற நைலான் தேய்ப்பானோ பித்தளை வூலோதான் என்று கட்டளை. வந்துவிட்ட கறையை எடுக்க ஆக்ஸாலிக் அமிலம் உண்டு, ஆனால் அது துப்பாக்கி இரும்பின் நிறத்தைத் தின்றுவிடும். பலகை தனியாகக் கழன்று இருக்கும்போது மட்டும், நன்றாகக் கழுவிக் காய வைத்த பிறகே திரும்பப் பூட்ட வேண்டும்.

மேலே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். பச்சை எண்ணெய் வாங்கிவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னேன், பினாங்கு ஈரத்தில் அது வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், பூசணம் வேறு பிடிக்கும். ஹூஸ்டனும் ஈரமான ஊர்தானாம். துணியில் ஒரு சொட்டு, தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மீதம் எதுவும் இல்லாமல் துடைத்து, மறுநாள் அடுத்தது. செக்கரிங்கில் துணி வேண்டாம், காய்ந்த பிரஷ்ஷில் எண்ணெயைக் காட்டியும் காட்டாமலும். அதிகம் போனால் கோடுகளுக்கு நடுவில் பாகு மாதிரி உறைந்துவிடும். அப்படி ஒரு ரம்பப் பிடியை நான் கெடுத்திருக்கிறேன். அதை ஊசியால் கிளறி எடுக்க ஒரு வாரம்.

எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம் என்று மட்டும் குரலை உயர்த்தியே சொன்னேன். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும், கசங்கிய துணிக்குள் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். நான் கம்பியில் விரித்துக் காய வைப்பேன். அவர் தண்ணீர் டப்பாவில் போட்டு மூடி வைத்தார்.

ஐந்து பூச்சு. இரண்டு பலகைக்கும் நிறம் முழுசாக ஒத்து வரவில்லை. சாயம் போட்டு ஒப்பேற்றலாமா என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பொருள் அவருடையது. யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

பூட்டும்போது திருகை இரண்டு விரலால் நிற்கிற வரை சுற்றி, அதற்கு மேல் கால் சுற்றுகூட வேண்டாம் என்றேன். மேலும் முறுக்கினால் ஓட்டையிலிருந்து ஓரம் வரை விரிசல் ஓடும். பூட்டிவிட்டு அவர் கேமராவை அருகில் கொண்டுவந்தார். வலது பக்கம் ஒட்டிய கோடு, இடது பக்கம் அடியில் ஒரு காகிதம் நுழையும் சந்து. "இதையும் மூடிடலாமா மச்சான்?"

"காகிதம்தானே நுழையுது, விட்டுடுங்க."

போன வாரம் லோரோங் கூலிட்டில் அப்பாவின் இழைப்புளிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பழைய பின்பிடி கிடைத்தது. பத்து வெள்ளி. யாரோ ஒருவர் கட்டை விரல் தேய்த்த இடம் பளபளவென்று இருக்கிறது. கொஞ்சம் உயரம் கூடுதல், கம்பி எட்டவில்லை. நீல டேப் ஒட்டி மேசை மேல் வைத்திருக்கிறேன். மரத்தில் கை வைக்கலாமா, நீளமான கம்பி தேடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.